உபரி சுமத்தும் கடன்

வரவுக்குள் வாழ்ந்து மிச்சம் பிடிக்கும் குடும்பத்தை ஊர் மெச்சும். நாடுகளையும் நாம் அந்தக் கண்கொண்டே பார்க்கிறோம். மிகுதியாக விற்றுக் குறைவாக வாங்கும் நாடு உழைப்பாளி. மாறாக நடப்பது ஊதாரி. இத்தீர்ப்பு நீதியானதுதானா?

செருமனியை எண்ணிப் பார்ப்போம். 1952 முதல் அதன் சரக்கு வணிகம் ஆண்டுதோறும் உபரியையே காட்டி வருகிறது. 2016-இல் அவ்வுபரி ஏறத்தாழ 25,000 கோடி யூரோ. எரிபொருள் விலையேற்றத்தால் 2022-இல் அது வெகுவாகச் சுருங்கிற்று. ஆயினும் 2024-இல் மீண்டும் 20,000 கோடியைக் கடந்தது.

அந்நாட்டுத் தொழிலாளரின் திறமை மெய்யானது. அதைக் குறைத்துரைப்பது அநீதி. ஆனால் அத்தொழிலாளரின் கூலி இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பெரிதும் உயராதிருந்தது என்பதும் மெய்யே. நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கு 2015-இல்தான் நடைமுறைக்கு வந்தது. செய்தவர் கை சுருங்கியிருக்க, செய்த பொருள் வெளிநாட்டுச் சந்தையைத் தேடிச் சென்றது.

விற்பவர் இருந்தால் வாங்குபவரும் இருக்க வேண்டும். உலகைத் தனியொரு கணக்கேட்டில் எழுதினால், ஒருவரின் உபரி இன்னொருவரின் பற்றாக்குறை. எல்லா நாடுகளும் ஒருங்கே உபரி காட்டுதல் இயலாது. கையில் பணமில்லாதவர் கடன்பட்டு வாங்குகின்றனர். உபரி நாட்டின் சேமிப்பே அக்கடனாக வெளியே செல்கிறது. 2010-இல் கிரேக்கம் கடனில் மூழ்கியபோது உலகம் கடன்பட்டவரையே கடிந்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அளவுகோலிலும் இச்சாய்வு உண்டு: நடப்புக் கணக்கில் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 4 விழுக்காட்டைக் கடந்தால் எச்சரிக்கை, உபரிக்கோ 6 விழுக்காடு வரை இடமுண்டு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பொருளியலறிஞர் கெயின்ஸ், உபரி குவிக்கும் நாடும் அதற்குக் கட்டணம் செலுத்தட்டும் எனத் திட்டம் வகுத்தார். அன்று உபரியோடிருந்த அமெரிக்கா அதற்கு இசையவில்லை.

அப்படியானால் உழைப்பதும் சேமிப்பதும் குற்றமா? அல்ல. ஆனால் வரலாறு ஒன்றை நினைவூட்டுகிறது. 1953-இல் இலண்டன் உடன்படிக்கையால் மேற்குச் செருமனியின் வெளிக்கடன் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சியதை அந்நாடு தன் வணிக உபரியிலிருந்து தீர்க்க வேண்டும் என்பதே எண்ணம். எனவே கடன் கொடுத்தோர் அதன் சரக்கை வாங்கியாக வேண்டும். அன்று விட்டுக்கொடுத்தோர் வரிசையில் கிரேக்கமும் இருந்தது. பிறர் பொறுத்து வாங்கியதால்தான் அந்நாடு விற்று நிமிர்ந்தது.

செருமானியரின் 'ஷுல்ட்' என்னும் சொல்லில் கடனும் குற்றமும் ஒருங்கே ஒலிக்கின்றன. நம் மொழியிலோ கடன் என்றால் கடமையும்தான். குற்றம் என்று கொண்டால் பெற்றவரை மட்டும் விசாரிப்போம். கடமை என்று கொண்டால் கொடுத்தவரையும் கேட்போம்: உன்னிடம் வாங்கியவர் உன்னிடம் விற்கவும் வழிவிட்டாயா?