விடுதலைப் பத்திரம்

பிறந்த வீட்டுச் சொத்தில் தன் பங்கை அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுக்கும் பெண் போடுகிற கையெழுத்துக்கு, சார்பதிவாளர் அலுவலகத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். யாருக்கு எதிலிருந்து விடுதலை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கலசப்பாக்கத்தில் நடந்த ஒரு திருச்சபைக் கூடுகையில் விசுவாசம், நீதி, சமூகம் பற்றிப் பெண்களோடு இரண்டு நாள் பேச அழைத்தபோது நான் எடுத்துக்கொண்டது இந்தச் சொல்லைத்தான்.

வாசித்தது எண்ணாகமம் 27ஆம் அதிகாரம். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள்: ஆண்பிள்ளை இல்லாமல் இறந்த செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள். மோசேக்கும் சபைக்கும் முன்னால் நின்று அப்பாவின் பங்கைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கடவுளே சொல்கிறார், சட்டம் மாறுகிறது. ரூத்தும் எஸ்தரும் வருகிற அளவுக்கு இவர்கள் பிரசங்கத்தில் வருவதில்லை. வந்தாலும் கதை அதோடு முடிந்துவிடும். 36ஆம் அதிகாரத்தை யாரும் திறப்பதில்லை. அதில் கோத்திரத்துத் தலைவர்கள் வந்து, இவர்கள் வெளியே கட்டிக்கொண்டால் நிலம் போய்விடுமே என்கிறார்கள். சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கட்ட வேண்டும் என்று நிபந்தனை வருகிறது. ஐவரும் அப்பாவின் சகோதரர் மகன்களை மணக்கிறார்கள்.

"பங்காளியையா கட்டிக்கிட்டாங்க?" என்றார் ஒரு அம்மா. கூட்டமே சிரித்தது. நம் முறையில் அவர்கள் அண்ணன் தம்பி. ஆனால் அந்தச் சொல்லையே பாருங்கள். பங்கு உள்ளவன் பங்காளி. கூடப் பிறந்தவளை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முறை மாறினாலும் கணக்கு ஒன்றுதான். நிலம் வெளியே போகக் கூடாதென்றால் பெண்ணும் வெளியே போகக் கூடாது. சாதிக்குள் கல்யாணம் என்பதன் பாதிக் காரணம் இந்த வரப்புக்குள் இருக்கிறது.

நம் சட்டங்களுக்கும் 36ஆம் அதிகாரம் உண்டு. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுச் சட்டமோ மகளுக்கு மகன் பங்கில் கால், அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் என்றது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சொல்வதற்கு மேரி ராய் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1989இல் தமிழ்நாடு இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது, ஏற்கெனவே கல்யாணமானவளை விட்டுவிட்டு. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தத் தடை போனது.

பட்டுத்தறி வீட்டுப் பெண் ஒருவர், தான் முப்பது வருஷமாகத் தார் சுற்றுவதாகவும் கூலி புருஷன் கைக்குத்தான் வருவதாகவும் சொன்னார். அவரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர். "பங்கு கேட்டிருந்தா என் பொண்ணு சடங்குக்குத் தாய்மாமன் சீர் யாருக்கா கொண்டாருவாங்க? சண்டைன்னு வந்தா எந்த வீட்டுக்குப் போவேன்?"

இவரை ஏமாந்தவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கணக்குச் சரி. அதைத் தியாகம் என்று பீடத்திலிருந்து புகழ்வதைத்தான் ஒப்ப முடியவில்லை. மறுக்க முடிந்தவள் கொடுத்தால்தான் அது கொடை. முதலில் பட்டாவில் அவள் பெயர் ஏறட்டும். அதற்குப் பிறகும் அண்ணனுக்குக் கொடுக்க அவளுக்கு ஆசை இருந்தால் அந்த அன்பை நம்புகிறேன். சீரையும் பிறந்த வீட்டு வாசலையும் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்கிய கையெழுத்தில் அன்பு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

பின்வரிசையில் இருந்த ஒரு தலித் பெண் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கப்பாவுக்கு மூணு சென்ட் வீட்டு மனை. அஞ்சு பிள்ளைங்க. எதக்கா பிரிக்கிறது?" என்றார். என் தலைப்புக்கு அடியில் இருந்த தலைப்பு அது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்று அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பெண்ணுக்குப் போட்ட நிபந்தனையை ஊர் காவல் காக்கிறது. பஞ்சமி நிலத்துக்குப் போட்டதை ஊர்தான் மீறியது. அந்த ஐந்து மகள்கள் கேட்ட நிலத்திலும் அப்போது வேறு யாரோதான் உழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் இன்னும் யோர்தானையே தாண்டவில்லை.

இரண்டாம் நாள் வேதாகமத்தைவிட அதிக நேரம், கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டை எப்படிக் கேட்பது, அதில் எந்தப் பத்தியைப் பார்ப்பது என்பதிலேயே போனது.