தாய் இருக்கும் அநாதைகள்

2010 ஜனவரி 12-இல் வந்த நிலநடுக்கம் ஹைட்டியின் தலைநகரை உருக்குலைத்தது. அந்த மாதம் முடிவதற்குள், 29-ஆம் தேதி, அமெரிக்கப் பாப்டிஸ்ட் சபையினர் பத்துப் பேர் 33 குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் குடியரசின் எல்லையில் பிடிபட்டார்கள். பிள்ளைகளில் மூத்ததற்கு 12 வயது. கைக்குழந்தைக்கு இரண்டு மாதம். நாட்டைவிட்டுக் கொண்டுபோக உரிய ஆவணம் எதுவும் கையில் இல்லை. அநாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். விசாரித்தால், பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள்.

பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஏசிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. பெற்றவர்களே கொடுத்தார்கள். தலைநகருக்கு அருகே மலையில் இருக்கும் கலேபாஸ் ஊரார் செய்தியாளர்களிடம் அதை மறைக்கவில்லை. வீடு போயிற்று. வந்தவர்கள் காட்டிய துண்டுத்தாளில் நீச்சல் குளமும் பந்து விளையாடும் திடலும் இருந்தன. படிப்பு உண்டு, நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

பெற்றவர் மனமொப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வது அறமாகுமா? ஏழைக்குத் தன் பிள்ளையின் நன்மை தெரியாது என்பது வெறும் திமிர். நன்றாகவே தெரியும். ஹைட்டியில் பெரும்பாலான பள்ளிகள் தனியார் நடத்துபவை. கட்டணம் கட்டியாக வேண்டும். வழியற்ற கிராமத்துக் குடும்பங்கள் பிள்ளையை நகரத்து வீடுகளில் ‘ரெஸ்டாவெக்’ ஆக விடுவதும் பழைய வழக்கம். வீட்டுவேலை செய்தால் சோறும் படிப்பும் தருவோம் என்பது பேச்சு. வேலை தவறாமல் கிடைக்கும், படிப்பு பலருக்குக் கிடைப்பதில்லை. அதற்கு அநாதை இல்லம் எவ்வளவோ மேல் என்று ஒரு தாய் போடும் கணக்கில் பிழையே இல்லை. பிழை, உதவ வந்தவர்கள் அவள்முன் வைத்த ஏற்பாட்டில் இருக்கிறது. பிள்ளை உன்னோடே இருக்கட்டும், கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம் என்று ஒருவர் சொன்ன பிறகும் அவள் கொடுத்திருந்தால் அதைச் சம்மதம் என்னலாம். கேட்காமலே வாங்கிய சம்மதத்தை நியாயமாகக் காட்டுவது அழகல்ல.

ஏன் அப்படிக் கேட்பதில்லை? கெட்ட எண்ணம் காரணம் அல்ல. இல்லத்துக்குக் காணிக்கை பிள்ளையின் பேரில் வருகிறது. பிள்ளை வீடு திரும்பினால் காணிக்கை நின்றுவிடும். ஹைட்டி இல்லங்களில் சுமார் 30,000 பிள்ளைகள் இருக்கிறார்கள், ஐந்தில் நால்வருக்குப் பெற்றோரில் ஒருவராவது உண்டு என்பது குழந்தை நல அமைப்புகளின் கணிப்பு. கோடையில் சபையார் வந்து, இல்லத்துக்கு வெள்ளையடித்து, குழந்தையைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவது வழக்கமாக இருந்தது. கொடுப்பவரின் மனநிறைவுக்கு ஓர் அநாதை தேவைப்படுகிறான். தேவை இருந்தால் வரத்தும் இருக்கும். கசப்பானது, ஆனால் சொல்லாமல் விட முடியாது.

இத்தனைக்கும் அவர்கள் போற்றும் வேதமே வேறு வழி காட்டியிருக்கிறது. இந்தத் தொண்டுக்கு அவர்கள் ஆதாரமாகச் சொல்வது யாக்கோபின் நிருபம். அதில் திக்கற்ற பிள்ளைகளோடு விதவைகளும் ஒரே மூச்சில் சொல்லப்படுகிறார்கள். துன்பத்தில் அவர்களைப் போய் விசாரிக்கச் சொல்கிறது, பிரித்துக் கூட்டிவரச் சொல்லவில்லை. கலேபாஸில் பிள்ளை பேருந்தில் ஏறியது, தாய் இடிபாட்டோடு நின்றாள்.

நம்பிக்கையால் உந்தப்பட்ட தொண்டெல்லாம் இப்படித்தான் என்று முடிவுகட்டுவது அநியாயம். அதே நாட்டின் கான்ஜ் என்ற ஊரில், எபிஸ்கோபல் பாதிரியார் ஃபிரிட்ஸ் லாஃபோன்தானின் துணையோடு மருத்துவர் பால் ஃபார்மர் 1980-களில் வேலை தொடங்கினார். ஏழைக்கே முதலிடம் என்ற விடுதலை இறையியல்தான் அவருக்கும் உரம். அங்கே காசநோயாளிகளில் ஒரு சாராருக்கு இலவச மருந்து மட்டும். இன்னொரு சாராருக்கு மருந்தோடு மாதம் சுமார் 30 டாலர், சத்துணவு, வீடு தேடி வரும் உள்ளூர்ப் பணியாளர். இரண்டாம் சாரார் வெகு நன்றாகக் குணமானார்கள். காசு கையில் கிடைத்தால் ஏழை வீணடிப்பான் என்ற பேச்சுக்கு அந்த ஊரில் பதில் கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டு இல்லங்களை நாளைக்கே பூட்டச் சொல்பவர்களும் உண்டு. யாருமற்ற பிள்ளைகளும், அடித்துத் துரத்தப்பட்டவர்களும், ஊனத்தால் கைவிடப்பட்டவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூரை வேண்டும். தாயிடம் அனுப்பும் பிள்ளையையும் வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த பருவக் கட்டணத்துக்கு அவள் மறுபடி அதே இல்லத்தின் வாசலுக்கு வருவாள், அல்லது ரெஸ்டாவெக் தேடும் வீட்டுக்கு. ஆகவே காணிக்கை நிற்கக் கூடாது. அது பிள்ளையின் பின்னாலேயே வீட்டுக்குப் போக வேண்டும். சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகளைச் சேர்த்தீர்கள் என்று இல்லத்தாரைக் கேட்கும் சபைகள், எத்தனை பேரைத் தாயிடம் திருப்பி அனுப்பினீர்கள் என்றும் கேட்டுவிட்டு அந்தப் பணத்தை அனுப்பலாம்.