மடிப்பு

இரவு ஷிப்ட் முடிந்தது. ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ் வாலாஜாபாத் சாலையில் போகிறது. பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். என் போனில் ஒரு பழைய படம்: 1955 மார்ச் 30, ஆஸ்கர் இரவு, கிரேஸ் கெல்லி. 'தி கன்ட்ரி கேர்ள்' படத்துக்குச் சிறந்த நடிகை விருது. உடம்போடு வழிந்து இறங்கும் வெளிர்நீல சாட்டின் கவுன், ஈடித் ஹெட் வடிவமைத்தது.

'தி கன்ட்ரி கேர்ள்' பிரீமியர் காட்சிக்கே கெல்லி அந்தக் கவுனை உடுத்திவிட்டார். ஆஸ்கருக்கும் அதுதான். அடுத்த மாதம் 'லைஃப்' பத்திரிகை அட்டையிலும் அதுதான். இதை இன்னமும் அதிசயமாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு முகூர்த்தப் பட்டு எத்தனை கல்யாணம் பார்த்திருக்கும்!

*

நீலம் என்றால் எனக்கு எம்.எஸ். நீலம். எம்.எஸ். சுப்புலட்சுமியும் நடிகையாக இருந்தவர்தான். 1945-இல் வந்த 'மீரா'வை இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். அதோடு சினிமா போதும் என்று எம்.எஸ். விட்டுவிட்டார். 1974-இல் மகசேசே விருது, 1998-இல் பாரத ரத்னா. அவருக்கென்று அந்த நீலத்தை நெய்து கொடுத்தவர் காஞ்சிபுரம் முத்து செட்டியார். உடுத்தியவர் பெயரைச் சொன்னால் நெய்தவர் பெயரும் கூட வருகிறது. தறி வீட்டில் பிறந்த எனக்கு இதைவிடப் பெரிய விருது தெரியாது.

*

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோர்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். குழித்தறியில் அப்பா. ஒரு பக்கக் கரைக்கு நாடா போட இன்னொரு கை வேண்டும். ஒன்பது வயதில் அந்தக் கை என்னுடையது. அப்பா 'ம்' என்பார், போடுவேன்.

*

வேலையில் எனக்கு இளநீலக் கோட். கிட்டே வைத்துப் பார்த்தால் துணி முழுக்க மெல்லிய கறுப்புக் கட்டங்கள். கார்பன் கலந்த நூல் அது. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சர்க்யூட் போர்டைக் கெடுக்காமல் அந்த நூல் வழியே இறங்கிவிடும். ஜரிகையிலும் மின்சாரம் ஓடும். பட்டிழைமேல் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் பொன் முலாம். கோட்டைக் கையில் வாங்கிய முதல் நாள், விரல் தானாகக் கரையைத் தேடிற்று.

*

ஞாயிறு. அம்மாவின் நீலச் சேலையை வெளியே எடுத்தோம். அப்பா எங்கள் வீட்டுக்கென்று நெய்த ஒரே சேலை. ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கே முறிந்துவிடும். மாதம் சில போனால் மாற்றி மடிக்க வேண்டும். ஆளுக்கொரு முனை பிடித்தோம். முந்தானையிலிருந்து ஒரு முழம் தள்ளி, கரையோரம் கோர்வை கொஞ்சம் இளகியிருக்கிறது. நான் தூங்கிப்போன இடம். அப்பா பிரிக்காமல் விட்டுவிட்டார். அம்மா அந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டு, மடிப்பை அதற்கு இந்தப் பக்கம் போட்டாள்.