பத்தாம் பாட்டு

"ஆச்சி, எமிவே ஜெயிச்சாரா, ராஃப்தார் ஜெயிச்சாரா, நீயே சொல்லு" என்கிறான் என் பேரன். திட்டிப் பாடுவது பாவமா என்பது அவன் கேள்வி இல்லை. அது என்னுடையது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். காலையில் தேவாரம் ஓதாமல் காப்பி குடிக்காதவள். உனக்கெதற்கு இந்த ராப் சண்டை என்று அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். தாராவியில் சுவர் மெல்லிசு. அவன் போடுகிற பாட்டு எனக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது.

நடந்தது 2018-இல். எமிவே பண்டாய் மும்பைப் பையன். பெரிய கம்பெனி தயவில்லாமல் தன் பாட்டைத் தானே யூடியூபில் போட்டு வளர்ந்தவர். ராஃப்தார் அவருக்கு மூத்தவர், சினிமா வரை போனவர். ஒரு பேட்டியில் எமிவேயின் வருமானத்தைப் பற்றி ராஃப்தார் வாய்விட, எமிவேயிடமிருந்து ‘சமஜ் மே ஆயா க்யா’ பாட்டு வந்தது. அதற்குப் பதிலாக ராஃப்தாரின் ‘ஷேக் சில்லி’. எமிவே சும்மா இருப்பாரா? ‘கிரஃப்தார்’ போட்டார். எங்கள் சந்துப் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து தொண்டை கட்டக் கத்தினார்கள்.

எனக்கு இது புதிதாகப் படவில்லை. சம்பந்தர் பதிகங்களை ஓதுகிறவர்களுக்கு அந்த வரிசை மனப்பாடம்: எட்டாம் பாட்டில் இராவணன் நசுங்குவான், ஒன்பதில் பிரமனும் திருமாலும் அடிமுடி தேடித் தோற்பார்கள், பத்தில் சமணருக்கும் பௌத்தருக்கும் வசை. உடை, உணவு, குளிக்காத உடம்பு, எதையும் விடமாட்டார். பதினொன்றாம் பாட்டில் தன் ஊர் காழியையும் தன் பெயரையும் போட்டு முடிப்பார். ராப்பர்கள் பாட்டுக்குள் தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்வதைக் கேட்டு முகம் சுளிக்கிற சைவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வள்ளுவரிடம் போனால் அவரும் பையன்கள் பக்கம்தான் நிற்கிறார் என்று சொல்வேன். நேருக்கு நேர் இரக்கமில்லாமல் பேசினாலும் பேசு, ஆள் இல்லாத இடத்தில் பேசாதே என்பது புறங்கூறாமை அதிகாரத்தின் கட்சி. ஊரறியப் பெயர் சொல்லி, பதில் சொல்ல வழியும் விட்டுப் பாடுவது புறங்கூறல் ஆகாது. நியாய சாத்திரக்காரர்கள் இன்னும் கறார். உண்மையைத் தேடுவது வாதம், ஜெயிக்க மட்டும் பேசுவது சல்பம், தனக்கென்று ஒரு கட்சி இல்லாமல் எதிராளியை உடைப்பது மட்டுமே விதண்டை. சம்பந்தரிடம் பத்தாவதில் வசை என்றால் மற்றப் பாட்டுகளில் மலையும் ஆறும் வயலும் சிவனும் இருக்கிறார்கள். எமிவேயிடமும் ஒரு கட்சி இருந்தது: பாட்டின் மதிப்பைச் சம்பளத்தால் அளக்காதே என்பது. அந்த அளவில் நான் எமிவே கட்சி. அதன் பிறகு வந்தவற்றில் கட்சி தேய்ந்து, கைதட்டல்தான் மிஞ்சியது.

ஆனால் எனக்கு நெருடுவது வேறு. எங்களுக்கு எதிர்வீட்டில் அம்பேத்கர் வழியில் பௌத்தம் தழுவிய மராத்திக் குடும்பம். வாசலில் நீலக்கொடி, உள்ளே புத்தர் படம். பத்தாம் பாட்டு வரும்போது என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. தெரியாது என்பதற்காகச் சத்தமாகப் பாடலாமா? பாட்டு பாடப்பட்ட நாளில் சமணரும் பௌத்தரும் பலத்தோடு இருந்தார்கள், அரசனே சமணன். இன்று அதே சொல் யார் மேல் போய் விழுகிறது? சொன்னவர் போய்விடுகிறார், சொல் நின்றுவிடுகிறது. சம்பந்தர் பாட்டில் கழுமரம் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதும்போது எண்ணாயிரம் சமணர் கழுவேறுகிறார்கள். நடந்ததா இல்லையா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். அந்தக் கதையைப் பெருமையாகச் சொன்ன பெரியவர்களை என் காதாலேயே கேட்டிருக்கிறேன், அது போதாதா?

அமெரிக்க ராப்பர்களின் சண்டையிலும் சாவு, சமாதானம் என்று இரண்டு முடிவும் உண்டு. டூபாக் 1996-இலும் பிக்கி 1997-இலும் சுடப்பட்டுச் செத்தார்கள். இருவருக்கும் நடுவே பாட்டுப் பகை இருந்தது. 2001-இல் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்ட ஜே-ஸீயும் நாஸும் 2005-இல் ஒரே மேடையில் நின்றார்கள். அந்த நாஸ்தான் நம் ஊர்க் கதையான ‘கல்லி பாய்’ படத்துக்கு நிர்வாகத் தயாரிப்பாளராகப் பெயர் கொடுத்தவர்.

ஆகவே, தாராவிப் பையன்களே, திட்டிப் பாடுங்கள், நான் தடுக்கவில்லை. உங்களுக்கு மேலே இருப்பவனைத் திட்டுங்கள், பெயர் சொல்லித் திட்டுங்கள், உங்கள் பெயரையும் போடுங்கள். அவன் அம்மாவையும் சாதியையும் மட்டும் பாட்டுக்குள் இழுக்காதீர்கள்.