கட்டணமும் கடனும்: ஃப்ளமெங்கோ கிதாரை முன்வைத்து

1922 ஜூன் 13, 14 தேதிகளில் கிரனாதா நகரில், அல்ஹாம்ப்ரா கோட்டை வளாகத்துத் திறந்தவெளியில், ஒரு பாட்டுப் போட்டி நடந்தது. முன்நின்று நடத்தியவர்களில் இருவர் இசையமைப்பாளர் மானுவல் தெ ஃபாயாவும், அப்போது இருபத்துநான்கு வயதான கவிஞர் லோர்க்காவும். ஃப்ளமெங்கோவின் மூலப் பாட்டு, அவர்கள் 'ஆழ்ந்த பாட்டு' என்று அழைத்தது, கஃபே மேடைகளில் காசுக்குப் பாடப்பட்டுச் சீரழிகிறது, அதை மீட்டாக வேண்டும் என்பது அவர்கள் கவலை. ஆகவே ஒரு விதி செய்தார்கள். இருபத்தோரு வயதைத் தாண்டிய தொழில்முறைப் பாடகர்களுக்குப் போட்டியில் இடமில்லை.

இந்த விதியைப் படித்தபோது நான் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறுபத்திரிகை வாசகர் யாருக்கும் அந்த மகிழ்ச்சி புரியும். எழுத்தால் சோறு கிடைக்காததை நாம் ஒரு தகுதியாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம். காசு தொட்டது கெட்டது என்பது நாம் வெளியே சொல்லிக்கொள்ளாத சூத்திரம். நம் சோறு வங்கியிலிருந்தோ தபால் ஆபீஸிலிருந்தோ பள்ளிக்கூடத்திலிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் அந்தச் சூத்திரத்தில் சேர்ப்பதில்லை. லோர்க்காவின் தகப்பனாரும் நிலச்சுவான்தார்.

போட்டியின் உள்விவரங்களைப் பார்த்தால் மகிழ்ச்சி நீடிக்காது. தொழில்முறையாளர்களை வாசலில் நிறுத்திய அந்தப் போட்டியின் நடுவர் குழுவுக்குத் தலைவர் அந்தோனியோ சாக்கோன், ஆயுள் முழுதும் பாடிச் சம்பாதித்தவர். கிதார் வாசிக்க வந்த ரமோன் மொந்தோயா தொழில்முறைக் கலைஞர். பரிசு பெற்ற முதியவர் தியேகோ பெர்மூதெஸ் தம் ஊரிலிருந்து கிரனாதாவுக்கு நடந்தே வந்தார் என்று கதை உண்டு. அந்தத் தூய மனிதரின் குரலில் இருந்தது சில்வேரியோ பிராங்கொனெத்தியின் வழி. சில்வேரியோ யார்? 1880களில் செவில் நகரில் தம் பெயரிலேயே பாட்டுக் கஃபே நடத்தியவர். பரிசு பெற்ற சிறுவன் மனோலோ கரக்கோலுக்கு அப்போது பதின்மூன்று வயது நிரம்பவில்லை. அவன் வளர்ந்து, 1940களில் லோலா ஃப்ளோரெஸுடன் சேர்ந்து மேடையிலும் சினிமாவிலும் பெரும் வசூல் கண்டான். 1963ல் மாட்ரிட்டில் சொந்தமாக ஆட்டக் கூடமே திறந்தான். காசை வெளியே நிறுத்தி வைத்து நடந்த விழாவில், காசு முன்வாசல் வழியாகவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

இதை லோர்க்காவைக் கேலி செய்யச் சொல்லவில்லை. கேள்வி வேறு. ஃப்ளமெங்கோ கிதாரை இன்று ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ இசைக் கல்லூரியில் பாடத்திட்டப்படி படிக்கலாம், பட்டம் வாங்கலாம், அதைத் தொழிலாக்கி ஜீவிக்கலாம். 1985ல் ஹாலந்தின் ராட்டர்டாம் இசைக் கல்லூரி, கோர்தோபாவில் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட ஒரு வீட்டில் வளர்ந்த பாக்கோ பெஞ்ஞாவை ஃப்ளமெங்கோ கிதார்ப் பேராசிரியராக நியமித்தது. கோர்தோபாவின் ரஃபாயெல் ஒரோஸ்கோ உயர் இசைக் கல்லூரியும் இதில் பட்டம் தருகிறது. இது சரியா? ஒரு சமூகத்தின் துக்கத்திலிருந்து வந்த கலையைப் பருவத் தேர்வு எழுதிக் கற்றுக்கொள்ளலாமா? கற்றதை விற்கலாமா?

கூடாது என்பவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, இது ரத்தத்தில் வருவது, படிப்பில் வராது. மற்றது, காசு இதைக் கெடுக்கும்.

ரத்தம் என்பதை முதலில் பார்க்கலாம். பாக்கோ தெ லூசியா 1947ல் அல்ஹெஸீராஸில் பிறந்தவர். பிறவி மேதைக்கு உதாரணமாக எப்போதும் சொல்லப்படுகிறவர். அவருடைய தகப்பனார் பகலில் சந்தையில் துணி விற்று, இரவில் கேளிக்கை விடுதிகளில் கிதார் வாசித்து, விடியற்காலையில் வீடு திரும்பியவர். பையனைப் பதினொரு வயதுவாக்கில் பள்ளியிலிருந்து நிறுத்தி, கிதாருடன் உட்காரவைத்தார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை சாதகம். பிள்ளைக்கு ஒரு தொழிலாவது கையில் இருக்கட்டும் என்ற தரித்திரத்தின் கணக்கு அது. இதில் ரத்தம் எங்கே வருகிறது? ஒரே மாணவனும் ஒரே ஆசிரியரும் விடுமுறையில்லாத கால அட்டவணையும் கொண்ட ஒரு கல்லூரிதான் அந்த வீடு. அங்கே கட்டணம் வாங்கவில்லை. பையனின் பிள்ளைப்பருவத்தை வாங்கிக்கொண்டார்கள்.

காசு என்பது இன்னும் தெளிவான விஷயம். கல்லூரிகள் வருவதற்கு முன்பு கிதார்க்காரன் எப்படிப் பிழைத்தான்? செவிலின் அலமேதா தெ எர்க்குலெஸ் பகுதியில் பாடகர்களும் கிதார்க்காரர்களும் இரவில் காத்திருப்பார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் நண்பர்களுடன் வருவான். கைகாட்டி அழைத்துப் போவான். தனி அறையில் விடியும்வரை பாட்டு. எவ்வளவு தருவான் என்பது அவன் குடித்த அளவையும் குணத்தையும் பொறுத்தது. மனசு வந்தால் நிறையத் தருவான். நாம் இன்று தூய்மையான காலம் என்று ஏங்குகிற காலம் இதுதான். அந்த அறைகளில் மகத்தான பாட்டு பிறந்தது வாஸ்தவம். அது அவமானத்தின் மேல் பிறந்தது என்பதும் வாஸ்தவம். மாதச் சம்பளத்துக்குக் கிதார் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியரைப் பார்த்து ஆத்மா போய்விட்டது என்று புலம்புகிறவர், அந்த அறைக்கு வெளியே ஒரு ராத்திரி காத்திருந்து பார்க்கட்டும்.

இன்னொன்று. பழைய வழி எல்லோருக்கும் திறந்திருந்த வழியும் இல்லை. கிதார்க்காரர்கள் தங்கள் ஃபல்செத்தாக்களை (பாட்டின் அடிகளுக்கு இடையே கிதார் தனித்து வாசிக்கும் சிறு சங்கதிகளை) பொத்திப் பொத்தி வைத்தார்கள். அடுத்தவன் விரலைப் பார்த்துவிடாமல் உடம்பைத் திருப்பிக்கொண்டு வாசித்தார்கள். 1902ல் ரஃபாயெல் மரீன் மாட்ரிட்டில் ஒரு பயிற்சி நூல் அச்சிட்டபோதுதான், பார்த்துத் திருட வேண்டியிருந்தது படித்துக் கற்கக் கூடியதாகவும் ஆயிற்று. பெண்களின் நிலை இன்னும் மோசம். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அதேலா கூபாஸ் மாட்ரிட் மேடைகளில் ஃப்ளமெங்கோ கிதார் வாசித்தார். பிறகு பல பத்தாண்டுகளுக்குப் பெண் கையில் அந்தக் கிதார் அபூர்வமாயிற்று. ஆடலாம், பாடலாம், கிதாரைத் தொடுவது ஆண் வேலை. இன்று அந்தோனியா ஹிமேனெஸ் போன்றவர்கள் வாசிக்கிறார்கள் என்றாலும் அவர்கள் தொகை சிறிது. கிதார் வாசிக்கும் தகப்பன் இல்லாத வீட்டில் பிறந்தவனுக்கும், அப்படியொரு தகப்பனுக்கே பெண்ணாய்ப் பிறந்தவளுக்கும், கடல் கடந்து பிறந்தவனுக்கும், மனு எழுதிப் போட்டால் திறக்கும் கதவு கல்லூரிக் கதவுதான். அதை மூட வேண்டும் என்கிற தூய்மைவாதம், யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்த்த பிறகே பேச வேண்டும்.

ஆகக் கல்லூரியும் சரி, தொழிலும் சரி என்று முடித்துவிடலாமா? முடித்துவிட்டிருப்பேன், கிதாரின் வேலை என்ன என்பதைக் கவனிக்காதிருந்தால்.

ஃப்ளமெங்கோவில் கிதார் முதலில் தனிவாத்தியம் இல்லை. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் துணை. பழைய வரிசைப்படி ஒருவன் பல வருஷம் ஆட்டக்காரர்களுக்கு வாசிப்பான், பிறகு பாட்டுக்கு, அதற்கும் பிறகு, தகுதி இருந்தால், தனியாக. ஆட்டத்துக்கு வாசிப்பதில் தாளம் எலும்பில் இறங்குகிறது. சொலேயா என்ற வடிவத்துக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. 3, 6, 8, 10, 12ல் அழுத்தம். மூன்றாக நடந்து இரண்டாக மாறும் இந்த நடையைத் தாளில் எழுதிக் காட்டிவிடலாம். பாட்டுக்கு வாசிப்பதுதான் கடினம். பாடுகிறவன் ஓர் அடியை எங்கே நீட்டுவான், எங்கே உடைப்பான், எப்போது மூச்சு விடுவான் என்பது அவனுக்கே முன்கூட்டித் தெரியாது. அவன் தொண்டை அன்று இருக்கிற நிலைக்கு ஏற்ப, கிதாரின் கழுத்தில் மாட்டும் கட்டையை மேலேயோ கீழேயோ நகர்த்தி வைக்க வேண்டும். அவன் பாடும்போது ஒதுங்கி, தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அவன் விட்ட இடத்தில் பதில் சொல்லி, தன் பதில் நீண்டுவிடாமல் நிறுத்தி, மறுபடி காத்திருக்க வேண்டும். விரல் வேகமுள்ளவனுக்குக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

இதைக் கல்லூரி கற்பிக்கவில்லை என்று சொல்லவில்லை. பாட்டுக்குத் துணை வாசிப்பதும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் தேர்வாளர் முன்னால் ஒருவன் வாசித்த சங்கதிக்கு மதிப்பெண் போடுவது எளிது. அவன் வாசிக்காமல் விட்ட சங்கதிக்கு எப்படிப் போடுவது? அளக்க முடிகிறது நாளடைவில் பெரிதாகிறது. அளக்க முடியாதது, யாரும் எதிர்க்காமலேயே, சிறிதாகிறது. கல்லூரிகளின் துரோகம் என்று இதற்குப் பெயர் வைக்க மாட்டேன். தேர்வு என்ற கருவியின் இயல்பு இது.

இதற்கும் அடியில் இருப்பதுதான் என்னை உறுத்துவது. பழைய வழியில் கற்றவன் கற்றதற்குக் காசு கொடுக்காதபோது, வாசித்துக் கொடுத்தான். எந்தப் பாட்டிலிருந்து கற்றானோ அந்தப் பாட்டுக்குத் துணை நின்றான். கற்றலும் கடன் அடைத்தலும் ஒரே செயலாக இருந்தன. கடன் எப்போதும் முழுசாகத் தீரவுமில்லை. கல்லூரியில் நான் கட்டணம் செலுத்துகிறேன், ரசீது வாங்குகிறேன். ரசீது என்பது, இனி நீ யாருக்கும் பாக்கி இல்லை என்று சொல்கிற தாள். ஆசிரியருக்குத் தர வேண்டியதை அது தீர்த்துவிடுகிறது. ஆனால் அவர் எனக்குக் கற்பித்த சங்கதி அவருடையதா? பெயரற்ற எத்தனையோ பேர், பெரும்பாலும் ஏழைகள், பலர் ஜிப்ஸிகள், யாரோ ஒருவனின் அறையில் விடியும்வரை வாசித்துக் கண்டுபிடித்தது அது. அவர்களுக்கு யார் கட்டணம் கட்டினார்கள்?

இங்கே நான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கடன் என்ற சொல்லை உபயோகித்தே மனிதர்களை அடிமைப்படுத்தி வந்திருக்கிறார்கள். உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்று ஆயுள் முழுதும் சீடனைக் கட்டிப்போட்ட குருமார்கள் எந்த தேசத்திலும் உண்டு. கட்டணம் அந்தக் கட்டை அறுத்தது. அது விடுதலை, அதை நான் திருப்பிக் கொடுக்கத் தயாராக இல்லை. நான் சொல்ல வருவது, கட்டணம் ஒரு மனிதனுக்கான பாக்கியைத் தீர்க்கிறது, ஒரு கலைக்கான பாக்கியைத் தீர்ப்பதில்லை என்பதே. முன்பு நிர்ப்பந்தமாக இருந்த கடன், இப்போது ஒருவன் தானாக ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. ஏற்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். தார்மீகப் பிரச்னை என்று ஒன்று தொடங்குவதே யாரும் கேட்காத அந்த இடத்தில்தான்.

இரண்டு பேரை நினைத்துக்கொள்கிறேன். மொரோன் என்ற சிற்றூரில் வாழ்ந்து 1973ல் இறந்த தியேகோ தெல் காஸ்தோர் ஒருவர். பெரிய மேடைகளைத் தேடிப் போகவில்லை. ஊரைவிட்டு நகரவும் விரும்பவில்லை. 1960களில் அமெரிக்க இளைஞர்கள் அவரைத் தேடி வந்து கற்றார்கள். மேடைக் கலைஞனை ஏசுவதற்கு அவரை ஆயுதமாக உபயோகிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அவரும் விருந்துகளில் காசு வாங்கி வாசித்தவர்தான், காசு வாங்கிக் கற்பித்தவர்தான். மற்றவர் பாக்கோ தெ லூசியா. உலகம் முழுதும் வாசித்தார், சம்பாதித்தார். எழுதிய இசையைச் சரளமாகப் படிக்கத் தெரியாதவர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ரோத்ரிகோவின் அரன்ஹுவெஸ் கான்செர்ட்டோவைக் கஷ்டப்பட்டுக் கற்று, 1991ல் அதை இயற்றியவர் முன்னிலையிலேயே வாசித்தார். 2007ல் காதிஸ் பல்கலைக்கழகம், பள்ளியை முடிக்காத அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. இத்தனைக்கும் நடுவே, பாடகர் கமரோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாசித்த பதிவுகளைக் கேளுங்கள். 1969லிருந்து தொடங்கும் அந்தத் தட்டுகளில், அந்நாளைய கிதார்க்காரர்களில் மிக வேகமான கை, ஒரு குரல் அடியை முடிப்பதற்காகக் காத்திருக்கிறது.

தூய்மை, வணிகம் என்று நாம் போடும் கோடு இந்த இருவருக்கும் நடுவே விழுவதில்லை. விழும் என்றுதான் நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். ஒருவர் ஊரில் இருந்தார், மற்றவர் உலகம் சுற்றினார். ஒருவர் கொஞ்சம் வாங்கினார், மற்றவர் நிறைய வாங்கினார். இருவரும் பாடுகிறவனுக்குக் காது கொடுத்தார்கள்.

கல்லூரியில் பட்டம் வாங்கி வெளிவரும் பையனுக்கோ பெண்ணுக்கோ அநேகமாகக் கிடைக்கப்போவது அரங்கு நிறைந்த தனிக் கச்சேரி இல்லை. ஆட்டப் பள்ளியில் சாயங்கால வகுப்புக்கு வாசிக்கிற வேலை கிடைக்கும். சுற்றுலாப் பயணிகள் வரும் கூடத்தில் ஒரு இரவுக்கு இரண்டு காட்சி கிடைக்கும். டியூஷன் கிடைக்கும். இதைத் தோல்வி என்று யாராவது அவர்களிடம் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் நம்மைப் போன்றவர்களும் இருப்பார்கள். ஆனால் தவறாக அடிவைக்கும் பத்து மாணவிகளுக்காக ஒரே பன்னிரண்டு எண்ணிக்கையை நூறு தடவை வாசிக்கிற அந்தச் சாயங்காலம்தான், பழைய வரிசையில் முதல் படியாக இருந்தது. பட்டத்துக்கு முன்னால் வர வேண்டியது பட்டத்துக்குப் பின்னால் வந்திருக்கிறது. அதற்கு அவர்கள் சம்பளம் வாங்கட்டும். குறைவாகக் கொடுத்தால் சண்டை போட்டுக் கேட்கட்டும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி திடீரென்று சரியாக ஆடும்போது அவள் எப்போது முடிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற காது அவர்களிடம் இருக்கிறதா என்பது ஒன்றே நான் கேட்க விரும்புவது. அதே கேள்வியை என் எழுத்து மேஜைக்கு முன்னாலும் கேட்டுப் பார்த்தேன். கட்டணம் கட்டாமலேயே, ரசீது மட்டும் வைத்திருக்கிறவனாக என்னைக் கண்டேன்.