கசப்பு நீர்

மரக்காணத்து உப்பளத்தைக் கார்த்திகை மாதத்தில் பார்க்கிறவர்கள் அங்கே ஒரு தொழில் நடந்தது என்றே நம்பமாட்டார்கள். காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய பாத்திகளும், கோடு கிழித்தாற்போல் ஓடிய வரப்புகளும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது இந்த அளங்கள் ஏரியாகவே மாறிப்போயின. மழையில் கரைந்த உப்பு கரைந்ததுதான். ஆனாலும் தை பிறந்து வெயில் ஏறியதும் ஆட்கள் இறங்குகிறார்கள். சேற்றை வாரி, வரப்பைக் கட்டி, முதலிலிருந்து மிதிக்கிறார்கள்.

தோல்வியிலிருந்து எழுவதற்கு உவமை தேடி வருகிறவர்கள் இந்தக் காட்சியோடு மனம் நிறைந்து திரும்பிவிடலாம். இதே அளத்தில் கோடையில் நடக்கும் இன்னொரு வேலை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. உவர்நீர் வெயிலில் சுண்டச் சுண்ட, அதன் அடர்த்தி போமே அளவில் சுமார் 25 பாகையை எட்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 பாகையைத் தாண்டினால் அதே நீரிலிருந்து மக்னீசிய உப்புகளும் இறங்கி, விளைந்த உப்பையே கசக்க வைத்துவிடும். ஆகவே எஞ்சிய கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்துவிட வேண்டும். நேற்றுவரை சோறு போட்ட தண்ணீர் அது. இன்னும் இரண்டு நாள் விட்டுவைத்தால் இன்னும் கொஞ்சம் விளையாதா என்று யாருக்கும் தோன்றும். தோன்றினாலும் வடித்துவிடுகிறார்கள்.

மழைக்குப் பின் பாத்தி கட்டுவது ஓர் அறிவு. கசப்பு நீரை வடிப்பது வேறோர் அறிவு. முன்னதை மேடைதோறும் போற்றுகிறோம். பின்னதைக் கோழைத்தனம் என்று சந்தேகப்படுகிறோம்.

இந்தக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் சென்னை. இந்த இரண்டு அறிவுக்கும் உள்ள இடைவெளியைத் தன் வாழ்க்கையிலேயே காட்டிய குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1980 தொடக்கத்தில் அங்கே வந்தார். நேரு விளையாட்டரங்கில், முன்னாள் உலக சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடினார். வடசென்னை தலைமுறைகளாகக் குத்துச்சண்டையைப் பரம்பரை மானமாகக் கட்டிக் காத்த மண். 'ரோசமான குத்துச்சண்டை' என்றே அங்கு அதற்குப் பெயர். அந்த ரசிகர்களின் முன் நின்றபோது அலிக்கு வயது 38. முந்தைய ஆண்டே ஓய்வை அறிவித்திருந்தார். தொழில்முறை வாழ்க்கையில் அதுவரை அவர் கண்ட தோல்விகள் மூன்று.

மூன்றும் மழைக்காலத் தோல்விகள். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967-இல் பட்டமும் உரிமமும் பறிபோய், மூன்றரை ஆண்டு களமின்றி இருந்துவிட்டு வந்தவரை 1971 மார்ச் 8 அன்று ஜோ ஃபிரேசியர் வென்றார். 1973-இல் கென் நார்ட்டன் அவருடைய தாடையை உடைத்து வென்றார். 1978 பிப்ரவரியில், அதுவரை ஏழே தொழில்முறைப் போட்டிகளில் ஆடியிருந்த இளைஞர் லியான் ஸ்பிங்க்ஸ் பட்டத்தையே பறித்தார். மூவரையும் அலி மறுபடி சந்தித்து வென்றார். உழைத்தால் சரிசெய்யக்கூடிய காரணம் ஒவ்வொரு தோல்விக்கும் இருந்தது. கால்கள் பழக்கம் விட்டுப்போயிருந்தன, பயிற்சி போதவில்லை, எதிராளியைக் குறைத்து எடைபோட்டார். காரணத்தைக் கண்டார், திருத்தினார், எழுந்தார். அத்தனையும் பாத்தி கட்டும் அறிவு.

சென்னையைவிட்டுப் போன சில மாதங்களில் அவர் மீண்டும் களமிறங்கினார். 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ்; எதிரே லேரி ஹோம்ஸ், ஒருகாலத்தில் அலிக்குப் பயிற்சியில் துணை நின்றவர். எடை குறைந்து, பார்வைக்கு அலி பழைய அலியாகத்தான் இருந்தார். எடை குறைந்ததில் தைராய்டு மாத்திரைக்குப் பங்கு இருந்தது பிறகுதான் தெரிய வந்தது. பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். பதினொன்றாம் சுற்றுக்கு அனுப்பாமல் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் அழுதார். அதற்குப் பிறகும் 1981 டிசம்பரில் பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கிடம் ஐந்தாவது தோல்வி. அங்கே முறையான மணிகூட இல்லாமல் மாட்டு மணியை அடித்துச் சுற்றுகளைத் தொடங்கினார்கள். இந்த இரண்டு தோல்விகளில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. நீர் 30 பாகையைத் தாண்டிவிட்டிருந்தது.

அலியின் கணக்கு 61 போட்டி, 56 வெற்றி, 5 தோல்வி என்று எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கணக்கு முழுதாக உண்மை பேசுவதில்லை. 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் ஃபிரேசியரை வென்றது அவருடைய மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. அவர் உடம்பு மிகக் கூடுதலாக அடி வாங்கிய நாள்களிலும் ஒன்று. 1977-இல் எர்னி ஷேவர்ஸை வென்றபின், அலியின் சிறுநீரகம் பழுதுபடுவதைக் காட்டிய ஆய்வறிக்கையை அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ அலிக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் அனுப்பினார். பதில் வரவில்லை. பச்சேகோ விலகிக்கொண்டார். வெற்றிப் பத்தியில் எழுதப்பட்ட இழப்புகளை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. லாபம் காட்டும் கடையில் முதலாளியின் உறக்கம் போனது பேரேட்டில் ஏறுமா?

மணிலாவில் அன்று எதிர் மூலையில் நடந்ததையும் நினைக்க வேண்டும். பதினான்கு சுற்றுகள் முடிந்திருந்தன. கண் வீங்கி, வரும் குத்தைப் பார்க்க முடியாத நிலையில் ஃபிரேசியர் கடைசிச் சுற்றுக்கு எழ முயன்றார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை. களத்தில் வீரர்கள் சாவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஃபிரேசியர் மன்றாடியும் இணங்கவில்லை. அந்த முடிவால் ஃபிரேசியரின் கணக்கில் ஒரு தோல்வி ஏறியது. அவர் அதற்குப் பின் முப்பத்தாறு ஆண்டுகள் உயிரோடு இருந்தார்.

ரோசம் உள்ளவர் தானாக நிறுத்தமாட்டார். அது அவருடைய குற்றமும் அல்ல. முன்பு மூன்று முறை எழவைத்த அதே குணம்தான் நான்காம் முறை அவரை ஏமாற்றுகிறது. அதனால்தான் மூலையில் நிற்பவரின் அறம் பெரிதாகிறது. நம் வீடுகளில் அந்த மூலை பெரும்பாலும் காலியாக இருக்கிறது. கந்துவட்டி வாங்கி நட்டத்துக்குக் கடை நடத்தும் அண்ணனிடம் 'விட்டுடாதே' என்று சொல்வது எளிது, கேட்கிறவருக்கும் இனிக்கும். ஆறாவது முறையாகத் தேர்வு எழுதப்போகும் பிள்ளையிடம், நகை அடகு வைத்தபடியே, முயற்சி வீண்போகாது என்கிறோம். ஊக்கம் என்ற பெயரில் நாம் கொடுப்பதில் பாதி, உண்மையைச் சொல்லும் சங்கடத்திலிருந்து நாமே தப்பிக்கும் வழி.

நிறுத்தச் சொல்லும் உரிமை சும்மா வருவதில்லை. ஃபட்ச் சொன்னதை ஃபிரேசியர் இறுதியில் ஏற்றார் என்றால், அதற்கு முன் எத்தனையோ முறை போராடச் சொன்னவரும் அவர்தான் என்பதால். பாத்தி மிதிக்கும்போது கூட மிதித்தவர்தான் வடிக்க வேண்டிய நேரத்தையும் சொல்லலாம். கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர் சொன்னால் அது ஏளனமாகத்தான் விழும். வள்ளுவர் வலியறிதலுக்கு அடுத்தபடியாகவே காலமறிதலை வைத்தார். தன் வலிமையை அறிந்தவருக்கும் காலம் தனியே கற்க வேண்டிய பாடம்.

1984-இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. குத்துகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒருமனப்படவில்லை. அந்த நோயோடு அவர் 1990-இல் பாக்தாத் போனார். சதாம் உசேன் பிடித்து வைத்திருந்த அமெரிக்கப் பிணைக்கைதிகளில் 15 பேரை மீட்டுக்கொண்டு வந்தார். பேச்சு தளர்ந்துபோன ஒருவர், கை நடுக்கத்தோடு, காத்திருந்து காத்திருந்து செய்த வேலை அது. அங்கே ஒரு குத்தும் தேவைப்படவில்லை.

கசப்பு நீரை வடித்த அன்று மரக்காணத்தில் யாரும் அளத்தைவிட்டுப் போய்விடுவதில்லை. பாத்தியை ஒழுங்குபடுத்தி, புது உவர்நீர் பாய்ச்சுகிறார்கள். நிலம் அதேதான், மிதிக்கிற கால்களும் அவைதான். மாறுவது தண்ணீர் மட்டும்.