திருமணம் நின்ற மறுநாள்

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில், வீட்டில் தனக்கு மாப்பிள்ளை பார்த்து நாளும் குறித்துவிட்டார்கள் என்று ஆசிரியையிடம் அழுதுகொண்டே சொல்கிறாள். சொன்ன கையோடு, “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்” என்றும் கெஞ்சுகிறாள். ஆசிரியை என்ன செய்ய வேண்டும்?

சட்டத்தைக் கேட்டால் உடனே பதில் கிடைக்கும். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, 18 வயது நிறையாத பெண்ணுக்கு மணம் முடித்து வைப்பவருக்கு 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு ஓர் அழைப்பு போதும். ஆனாலும் தயக்கம் வருகிறது. நம்பிச் சொன்னவளின் வேண்டுகோளை மீறலாமா? ஒருத்தி சொன்னது வெளியே போய்விட்டால், அடுத்தவள் எந்த ஆசிரியையிடமும் வாய் திறக்க மாட்டாளே? நியாயமான தயக்கம்தான்.

இருந்தும் மீறத்தான் வேண்டும். அந்தத் திருமணத்தில் விருப்பம் இருப்பவள் அதை வகுப்பாசிரியையிடம் வந்து அழமாட்டாள். சொல்லிவிடாதீர்கள் என்று அவள் கேட்பது அப்பாவின் கோபத்தை நினைத்து நடுங்கித்தான். ஆனால், அவளுக்குத் தெரியாமல் மீறுவது துரோகம். யாரிடம் சொல்லப்போகிறோம், வீட்டுக்கு யார் வருவார்கள், அன்றிரவு அவள் எங்கே தங்குவாள் என்பதையெல்லாம் முதலில் அவளிடம் பேசிவிட வேண்டும். தகவல் அவளிடமிருந்து வந்தது என்பது வீட்டாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதும் ஆசிரியையின் கடமை.

பெற்றோரை வில்லன்களாக்கிப் பேசுவது சுலபம். மேல்நிலைப் பள்ளிக்குப் பேருந்து மாறிப் போக வேண்டிய ஊரில், இருவரும் விடியற்காலையில் கூலி வேலைக்குப் போய்விடும் வீட்டில், வயதுக்கு வந்த மகளை நினைத்து வரும் பயம் பொய்யல்ல. யாரையாவது விரும்பிவிடுவாளோ, அவன் வேறு சாதியாக இருந்துவிட்டால் ஊர் என்ன பேசும் என்ற பயம் அதைவிடப் பெரியது. இந்தப் பயங்களில் சிலவற்றுக்கு இரக்கம் காட்டலாம். சாதியை முன்னிட்டு வரும் பயத்துக்கு அந்த இரக்கமும் கூடாது. எந்தப் பயமானாலும் அதற்குரிய விலையை ஒரு சிறுமியின் படிப்பிலிருந்தும் உடம்பிலிருந்தும் வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை.

திருமணத்தை நிறுத்துவதோடு கடமை முடிந்ததாக நினைப்பதில்தான் பெரிய தவறு இருக்கிறது. அதிகாரிகள் வருகிறார்கள், 18 வயது முடியும்வரை மணம் முடிக்க மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போயிற்று, பத்திரிகை அடித்த செலவு போயிற்று, சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிவு. அத்தனைக்கும் அவள்தான் காரணம் என்று நம்பும் வீட்டில், அதே இரவு, அவள் சாப்பிட்டுப் படுக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து வேறொரு ஊர்க் கோயிலில் சத்தமில்லாமல் தாலி கட்டிவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை.

அப்படி நடந்துவிட்ட திருமணம், பெரும்பாலான மாநிலங்களில், தானாகச் செல்லாததாகிவிடுவதில்லை. அதை ரத்து செய்யச் சொல்லி அவள்தான் நீதிமன்றம் போக வேண்டும். அதுவும் 20 வயது முடிவதற்குள். கர்நாடகம் 2016இல் சட்டத்தைத் திருத்தி, குழந்தைத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஆக்கியது. மற்ற மாநிலங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை பெற்றுவிட்டால், அதை மீறி நடக்கும் திருமணம் செல்லாது. பெற்றோரிடம் எழுதி வாங்கிய காகிதத்துக்கு இந்த வலிமை இல்லை. அவள் பக்கம் நிற்க வந்தவர்கள் தடையாணை வரை போகாமல் பாதியில் திரும்புவது, ஆபத்தை அவள் தலையிலேயே மறுபடி ஏற்றிவிட்டுப் போவதாகும்.

பள்ளியின் பங்கும் இங்கேதான் உரசிப் பார்க்கப்படுகிறது. போலீஸ் வந்த வீட்டுப் பெண் என்று மற்ற பெற்றோர் முணுமுணுக்கும்போது, பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை நீட்டினால், நிறுத்திய திருமணத்தைப் பள்ளியே முடித்துவைத்ததற்குச் சமம். அவள் பழைய பெஞ்சில், பழைய தோழிகளுடன் உட்கார வேண்டும். நடந்ததைப் பற்றி யாரும் துருவிக் கேட்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாராட்டு என்ற பெயரில் அவளை மேடையேற்றி, புகைப்படத்தைச் செய்தித்தாளுக்குக் கொடுப்பதும் வேண்டாம். அவள் வாழப்போவது அதே தெருவில்.

தமிழக அரசு 2022இல், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தை உயர்கல்வி உதவியாக மாற்றியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வியில் சேரும் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே மாதம் 1,000 ரூபாய் போகிறது. தாலிக்குத் தங்கம் கொடுத்த இடத்தில் படிப்புக்குப் பணம் என்பது சரியான மாற்றம். ஆனால், 16 வயதில் மணமேடைக்கு இழுக்கப்படுகிறவள் அந்தக் கணக்கைத் தொடவே இன்னும் இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த இரண்டு வருடங்களுக்கு யார் பொறுப்பு?

ஒருமுறை புகாருக்குள்ளான வீட்டு மாணவி தொடர்ந்து மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை என்றால், வருகைப் பதிவில் ஒரு குறியோடு அது முடிந்துவிடக் கூடாது. பள்ளியிலிருந்து மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு அன்றே தகவல் போக வேண்டும். அங்கிருந்து ஒருவர் அன்றே அவள் வீட்டுக்குப் போக வேண்டும். இந்தக் கண்காணிப்பு அவளுக்கு 18 முடியும்வரை, விடுமுறை மாதங்கள் உட்பட, தொடர வேண்டும்.